எவர்ஷெட் தபால்தலையைக் கவரிலிருந்து பிரிப்பது: கொடைக்கானல் ஈரத்துக்கு ஏற்ற முறை

எவர்ஷெட் விளைவு நூற்றாண்டுத் தபால்தலை (2008, 5 ரூபாய்) ஒட்டிய பழைய கவர் கையில் இருக்கிறதா? கொடைக்கானலில் இருக்கிறவர்களுக்கு இது நம்ம ஊர் தபால்தலை. வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் இங்கே மேலே இருக்கும் அப்சர்வேட்டரியில்தான் அந்த விளைவைக் கண்டார். சூரியக் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று அதிலிருந்து புரிந்தது. நூறு வருஷம் நிறைய ஒரு மாதம் இருக்கும்போதே டிசம்பரில் தபால்தலை வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. முதல்நாள் உறை (தபால்தலை வெளியான நாளின் முத்திரை குத்திய சிறப்பு உறை) என்றால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உறையும் முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. சாதாரணக் கவர் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

1. தபால்தலையைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். ஓரப் பற்களில் கத்தரி படக்கூடாது. ஒரு பல் போனாலும் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

2. சிவப்பு, பச்சை, பழுப்புக் கவர்களைத் தனியாக வையுங்கள். சாயம் இறங்கும். வெள்ளைக் கவரோடு ஒரே தட்டில் போட்டால் எல்லாமே ரோஸ் நிறம்தான்.

3. ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். துண்டைக் கவர்ப் பக்கம் கீழாக மிதக்க விட்டு, கால் மணி நேரம் தொடாதீர்கள். புதிய பசைகள் மெதுவாகத்தான் இளகும். தானாக நழுவி வந்தால் சரி. இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள், நகத்தால் உரிக்காதீர்கள்.

4. உலர்த்துதல். சமவெளியில் இது ஒரு வரி வேலை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சன்னல் வழியாக உள்ளே வரும். எதுவும் காயாது. காயாதபோது மிச்சப் பசை மெதுவாகப் பிடித்துக்கொள்கிறது. தபால்தலை தாளோடு ஒட்டி, பிரிக்கும்போது கிழிகிறது.

எனவே, பிரித்த தபால்தலையை வேறு தட்டில் சுத்தமான தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள். அப்புறம் ஈர விரலால் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழு என்று இருந்தால் பசை மிச்சம் இருக்கிறது, திரும்பவும் அலசுங்கள். காகிதத்தின் சொரசொரப்பு விரலில் தட்டுகிற வரை விடாதீர்கள்.

அலசியதும் முகம் கீழாக, பின்பக்கம் மேலாக மை உறிஞ்சும் தாளில் போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். மேற்பரப்பு ஈரம் போனதும் இரண்டு புதுத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றுங்கள். எல்லோரும் கனத்தைப் பற்றியே பேசுவார்கள். என் கருத்தில் மழைக்காலத்தில் முக்கியம் தாளை மாற்றுவதுதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உலர்ந்த தாள் வையுங்கள். ஹேர் டிரையர், கணப்பு அடுப்பு இரண்டும் வேண்டாம், தபால்தலை சுருண்டுவிடும்.

5. எடுக்க வைக்க ட்வீசர். மருந்துக்கடையில் கிடைக்கும் கூர் முனை வேண்டாம், தட்டை முனை வாங்குங்கள். ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், சுவரோடு ஒட்டாமல். பிவிசி உறை நல்லதல்ல, வருஷங்கள் போனால் மையை இழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். நிறம் மாறும் வகை நல்லது: ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது. பிறகு தூக்கி எறிய வேண்டாம். மணிகளைப் பையிலிருந்து கொட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் நிறம் திரும்பும்.

பின்சேர்க்கை: கூடலூர்க்காரர் ஒருவர் கேட்டார், பயன்படுத்தாத தபால்தலைகள் இரண்டு மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தண்ணீரில் போடலாமா என்று. போட்டால் பசை முழுக்கப் போய்விடும். மூடி உள்ள டப்பாவில் ஈரப் பஞ்சு வையுங்கள். அதன் மேல் ஒரு சின்ன வலைத்தட்டு, அதன் மேல் ஒட்டிய ஜோடி. பஞ்சில் படக்கூடாது, ஆவி ஈரம் மட்டும் போதும். மூடிவிட்டு அரை மணிக்கொரு முறை மூலையை ட்வீசரால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எழும்பினால் பிரியுங்கள்; அடம்பிடித்தால் திரும்ப மூடுங்கள். பசையில் கொஞ்சம் தடம் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.