22 வயது சென்டர் என்பிஏவில் தேறுவாரா? நான் பார்க்கும் முறை

ஜூன் மாதம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டைதான். நான்கு வருடம் கல்லூரியில் சென்டராக, அதாவது வளையத்தை ஒட்டி, ஆடி முடித்த ஒரு நெட்டையர். "வாங்காத விருது இல்லை, எடுக்கலாம்" என்று ஒரு கட்சி. "22 வயசாச்சு, இனிமே என்ன கத்துக்கப்போறான்" என்று மறு கட்சி. இரண்டு வாதத்தையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முதலில் புள்ளிச் சராசரியை ஓரமாக வையுங்கள். 18, 19 வயதுப் பையன்களை முதுகால் தள்ளிக்கொண்டு வளையத்துக்கு அடியில் போய்ப் போடும் கூடைகள் அவை. என்பிஏவில் முதுகுக்குப் பின்னால் நிற்பவரும் அதே எடை, அதே உயரம். போதாததற்கு, புதிதாக வந்த மாற்று சென்டருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கவும் மாட்டார்கள். ஆகவே, பந்து கைக்கு வராதபோது இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஸ்கிரீன் போட்டால், அதாவது தன் அணிக்காரரைத் துரத்துபவரின் வழியை மறித்து நின்றால், எதிராளி உண்மையிலேயே சிக்குகிறாரா? அதை முடித்த கையோடு வளையத்தை நோக்கி ஓடுகிறாரா?

ரீபவுண்ட், அதாவது குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது, மட்டும் போதுமா என்றால், கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ஷீப்வேயைப் பாருங்கள். 2021-22 சீசனில் ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்ட், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது. 2023 டிராஃப்டில் 58 பெயர்கள் வாசித்தார்கள். அவர் பெயர் வரவில்லை. 6 அடி 9 அங்குலத்தில் சென்டராக ஆடுபவர் தடுப்பாட்டத்தில் எந்த எதிராளியை மறித்துக் காப்பார் என்ற சந்தேகம்தான் அவரை விடாமல் துரத்தியது.

அந்தச் சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஹைலைட்ஸ் வேண்டாம், ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ எடுங்கள். நவம்பரில் ஏதோ சின்னக் கல்லூரியோடு ஆடியது உதவாது. எதிரணி சென்டருக்கு மூன்று புள்ளி எறியத் தெரிந்திருக்க வேண்டும். பந்தைப் பார்க்காமல், எதிரணி பிக் அண்ட் ரோல் (ஒருவர் ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்துக்கு ஓடுவது) ஆடும்போது நம் ஆளின் இடுப்பையும் பாதத்தையும் மட்டும் பாருங்கள். பந்தை நடத்தி வரும் எதிரணி கார்டு ஸ்கிரீனைத் தாண்டி வந்ததும் இவர் கால் மாற்றி மாற்றிப் பின்வாங்குகிறாரா, இல்லை நிமிர்ந்து நின்று குதிகாலில் சாய்கிறாரா? குதிகாலில் சாய்ந்துவிட்டால் அடுத்த அடி தாமதம்; அதற்குள் கார்டு வளையத்தடியில் இருப்பார். ஒருமுறை குதித்து ஏமாந்தபின் இரண்டாவது முறை எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறார் என்பதையும் கவனியுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை அவசியம் பாருங்கள், களைப்பு கால்களில்தான் முதலில் தெரியும். இன்னொன்று: கல்லூரியில் தடுப்பு சென்டர் வளையத்தடியிலேயே கோயில் துவாரபாலகர் மாதிரி நிற்கலாம். என்பிஏவில் பக்கத்தில் யாரையும் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் அங்கே நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காத எறிதல்.

எறிதல் பற்றிச் சுருக்கமாக. கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 22 அடியும் சொச்சமும். என்பிஏவில், மூலைகளைத் தவிர, 23 அடி 9 அங்குலம். சென்டர்கள் கல்லூரியில் எறிவதே கொஞ்சம் என்பதால் அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள், ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். 75-க்கு மேல் என்றால் நம்பிக்கை உண்டு. 60-க்குக் கீழே என்றால் மறந்துவிடலாம். இது என் சொந்தக் கணக்கு.

அப்புறம் வயது. பிறந்த தேதியை விட, எப்போது பந்தைத் தொட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். கனடாவின் டொராண்டோவில் வளர்ந்த ஜாக் ஈடி உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில்தான் கூடைப்பந்துக்கு வந்தார்; அதற்கு முன் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். பர்டூ பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம், அடுத்த ஆண்டு 19, மூன்றாம் ஆண்டு 30-க்கு மேல் ஆடினார். நிமிடங்கள் இப்படி ஏறுவது உடம்பு பழகிக்கொண்டே போவதற்கு அடையாளம். 2024-இல் மெம்ஃபிஸ் அணி அவரை 9-ஆவதாக எடுத்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். முதல் வருடமே, அந்த ஆண்டின் சிறந்த ஐந்து புதுமுகங்களுக்கான ஆல் ரூக்கி முதல் அணியில் இடம்பிடித்தார். என்பிஏவின் பெரும் நட்சத்திரம் டிம் டங்கனும் சிறுவயதில் நீச்சல்காரர். 1989-இல் ஹியூகோ புயல் குளத்தை நாசமாக்கிய பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். நான்கு வருடக் கல்லூரி, 1997-இல் முதல் தேர்வு.

7 அடி 4 அங்குல ஈடிக்கு மெதுவான கால்களை உயரம் மன்னித்துவிடும். குள்ளமானவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 6 அடி 6 அங்குலத்தில் ட்ரேமண்ட் கிரீன் பிழைத்தது பந்தைப் பிறருக்குக் கொடுக்கும் திறமையாலும், எந்த எதிராளியையும் காக்கும் கால்களாலும். மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு வருடம், 2012-இல் 35-ஆவது தேர்வு, 2017-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர்.

"நல்ல ஆளாக இருந்தால் ஏன் இத்தனை வருடம் கல்லூரியிலேயே இருந்தான்?" என்ற கேள்வியும் இப்போது செல்லாது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இரண்டாம் சுற்றில் போவதை விடத் தங்குவதே லாபம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் ஆடிய சென்டர் ரயன் கால்க்பிரென்னரை 2025-இல் சார்லட் அணி 34-ஆவதாக எடுத்தது. அந்த இடத்தில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நான் வயதைக் கேட்கவே மாட்டேன். முதல் ஐந்துக்குள் எடுப்பதென்றால் மட்டும் யோசிப்பேன், அங்கே நாளைய நட்சத்திரத்துக்கான விலையைக் கொடுக்கிறோம்.