அப்பாவுக்கு ஒரு கேரட்: உணவு பிரிண்டரில் முதல் மசியல்

பக்கவாதத்திலிருந்து தேறிய பிறகு அப்பாவுக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அடித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னம்மா, எல்லாம் ஒரே நிறத்துல இருக்கு?" என்றார். அந்தக் கேள்விதான் எங்கள் அல்சூர் வீட்டுக்கு உணவு பிரிண்டரைக் கொண்டுவந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, முறுக்கு உழக்கின் வேலைதான். சிரிஞ்சில் அடைத்த மசியலை மோட்டார் மெதுவாக அழுத்தும். அது நாசில் என்ற குறுகிய முனை வழியாக இழையாக வந்து, அடுக்கடுக்காகப் படிந்து உருவம் பெறும். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அரிசி மாவுச்சத்து, முட்டை ஆகியவற்றைக்கூட இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்.

படி 1: எந்தப் பதம் என்று கேளுங்கள்

பிரிண்டரைத் தொடும் முன் விழுங்கல் பயிற்சியாளரைப் பாருங்கள். ஐடிடிஎஸ்ஐ என்ற உலக அளவுமுறையில் உணவும் பானமும் 0 முதல் 7 வரை பிரிக்கப்பட்டுள்ளன. அப்பாவுக்குச் சொன்னது 4, அதாவது கட்டியே இல்லாத கெட்டி மசியல். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

படி 2: மசியல்

200 கிராம் கேரட்டைத் தோல் சீவி, ஆவியில் குழைய வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீர்த்துவிடும். மைய அரைத்து, மெல்லிய சல்லடையில் கரண்டியால் தேய்த்து எடுங்கள். சல்லடையில் தங்கும் நார்தான் நாசிலை அடைக்கும், தொண்டைக்கும் ஆகாது.

உணவைக் கெட்டியாக்கும் பொடியான சாந்தன் கம் 1 கிராமை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் கட்டி தட்டாது. சோள மாவு போதாதா என்று அம்மா கேட்டார். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வாயிலேயே இளகிவிடும், சாந்தன் அப்படி இளகாது. கால் மணி நேரம் ஊறட்டும்.

காய்களைக் கலக்காதீர்கள். கேரட் தனி, பீன்ஸ் தனி, பருப்பு தனி. அப்பா கேட்டது அதைத்தான்.

படி 3: முள்கரண்டிச் சோதனை

முள்கரண்டியில் அள்ளினால் மசியல் குவியலாக நிற்க வேண்டும். இடுக்கு வழியே சின்ன வால் தொங்கலாம், சொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. அடுத்து ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். மொத்தமாக வழுக்கி விழுந்தால் சரி. பசைபோல ஒட்டினால் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திவிட்டு மறுபடி சோதியுங்கள். ஒட்டும் உணவு தொண்டையில் தங்கும், அது ஆபத்து.

படி 4: அச்சிடுங்கள்

சிரிஞ்சில் சிறிது சிறிதாக அடைத்து, தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் இழை நடுவில் அறுந்துவிடும், முறுக்கு பிழியும்போது அறுவதைப்போல. 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள துருப்பிடிக்காத எஃகு நாசில் போதும். பிளாஸ்டிக் அச்சிடும் இயந்திரத்தின் பித்தளை நாசில் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். அடுக்கின் உயரம் துளையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும், வேகமும் குறைவாகவே இருக்கட்டும். முதல் முறை உயரமான உருவம் வேண்டாம், சரிந்துவிடும். நான் படுத்திருக்கும் கேரட் வடிவில் தொடங்கினேன். நுனியில் பீன்ஸ் மசியலால் பச்சைக் காம்பு.

படி 5: சூடும் சுத்தமும்

அச்சிட்டதும் ஆவியில் சூடாக்குங்கள். சூட்டில் பதம் மாறும் என்பதால் முள்கரண்டிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். இருமலோ, தொண்டையில் நீர் தங்கியதுபோல் குரல் ஈரமாக ஒலிப்பதோ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மிச்சத்தைச் சிரிஞ்சிலேயே விட்டுவைக்காதீர்கள். பாகங்களை உடனே கழற்றி, வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, நாசில் துளையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள்.

அன்று அப்பா காம்பைத்தான் முதலில் கேட்டார்.