வீட்டிலிருந்து கஸ்டமர் சப்போர்ட் வேலை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு எடுப்பது எப்படி

கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுப்பதை விட, எடுத்த ஆளைப் பயிற்சி முடியும் வரைக்கும் வைத்திருப்பதுதான் கம்பனிகளுக்குப் பெரிய பாடு. நேர்முகப் பரீட்சையில் சிரித்துப் பேசி உள்ளே போனவர்கள் சில கிழமைக்குள் சத்தமில்லாமல் கழன்றுவிடுவது இந்தத் துறையில் சாதாரணம். அதனால் காத்தான்குடியோ கல்முனையோ, வாழைச்சேனையோ திருக்கோவிலோ, எங்கிருந்து இந்த வேலையை யோசித்தாலும், உள்ளே போவது எப்படி என்று மட்டும் தேடாமல் பயிற்சியில் என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று முதலே தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி வீட்டையும் காதையும் விரலையும் பழக்கிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

முதலில் எந்த வேலை என்று முடிவெடுங்கள். கோல், சாட், ஈமெயில் என்று மூன்று இருக்கிறது. கோல் என்றால் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு வருகிற அழைப்பை எல்லாம் எடுப்பது. சாட் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரோடு டைப் பண்ணிப் பேசுவது. ஈமெயில் என்றால் குவிந்து கிடக்கும் டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர்களின் பதிவான முறைப்பாடுகளை, வரிசையாக முடிப்பது. ஆங்கிலம் வாசிக்க எழுத வரும், வாய் திறக்கத்தான் கூச்சம் என்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் ஈமெயில், சாட் வேலைக்குப் போடுவது நல்லது, சில மாதம் எழுதிப் பழகினால் பேச்சு தானாக வரும்.

தமிழ் தெரிந்த ஆளுக்கு உள்ளூரில் இருக்கிற தேவையை நாமே குறைத்து நினைக்கிறோம். தொலைபேசிக் கம்பனி, வங்கி, காப்புறுதி, சாப்பாடு கொண்டுவந்து தரும் செயலிகள் என்று எல்லா இடமும் தமிழில் கோல் எடுக்க ஆள் வேண்டும். கூடவே சிங்களமும் கேட்பார்கள். அம்பாறை டவுன், உகனைப் பக்கம் பழகிய பிள்ளைகளுக்கு அது பெரிய பலம். ஒரு விஷயம், உள்ளூர் விளம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை என்று போட்டிருந்தாலும் பயிற்சிக்குக் கொழும்புக்கு வரச் சொல்வது உண்டு. எத்தனை நாள், தங்கும் செலவு யாருடையது என்று முதல் கோலிலேயே கேளுங்கள், கேட்டால் வேலை போய்விடாது.

வெளிநாட்டு வேலை என்றால் சம்பளத்துக்கு முன்னால் மணிக்கூட்டைப் பாருங்கள். லண்டனின் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது அவர்களின் கோடையில் நமக்கு மத்தியானம் 1.30 முதல் இரவு 9.30 வரை, ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் நேரத்தை மாற்றியதும் 2.30 முதல் 10.30 ஆகிவிடும். சிட்னி, மெல்பேர்ன் என்றால் விடிய 4.30க்கு உட்கார வேண்டும், அங்கே கோடை வந்தால் 3.30க்கே. நியூயோர்க் நேரம் மாலை 6.30க்கோ 7.30க்கோ தொடங்கி விடிய 2.30, 3.30 வரை இழுக்கும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு லண்டன் நேரம்தான் ஓரளவு தோது என்பது என் கணக்கு. இரவு வேலை என்றால் பகலில் உங்களை யாரும் எழுப்பாமல் இருக்க வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், இதைப் பேசாமல் சேர்ந்தால் சண்டைதான் மிஞ்சும்.

லைன், லப்டொப், சத்தம்

ஒரு இன்டர்நெட் கோலுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும், ஆகவே வேகத்தை விட லைன் ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். ஸ்பீட்டெஸ்ட் போடும்போது பெரிய இலக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் பிங் (தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்), ஜிட்டர் (அந்த நேரம் கூடிக் குறையும் அளவு) இரண்டையும் பாருங்கள். ஜிட்டர் 30 மில்லிசெக்கனைத் தாண்டினால் உங்கள் குரல் அந்தப் பக்கம் வெட்டி வெட்டிப் போகும். அதுவும் இரவு எட்டு மணிக்கு, ஊரே வீடியோ பார்க்கிற நேரத்தில் போட்டுப் பாருங்கள். விடியக் காலையில் போட்டால் எல்லா லைனும் நல்ல லைன்தான். உங்கள் தெருவுக்குப் பைபர் வந்துவிட்டால் அது, இல்லாவிட்டால் நல்ல 4ஜி ரவுட்டர், எதுவானாலும் ரவுட்டரில் இருந்து லப்டொப்புக்கு வைபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். இன்னொரு கம்பனி சிம்மில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டுக்கு ஒரு போன் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்காமல் இருக்க மினி யூபிஎஸ் கிடைக்கிறது, ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

மாரி மழைக்கு இவ்வளவும் போதாமல் போகிற நாளும் வரும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு, சம்மாந்துறைப் பக்கம் பட்ட பாடு தெரியும்தானே. அப்படியான நாளில் யார் வீட்டில் போய் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று முதலே பேசி வையுங்கள், பேசி வைத்ததை நேர்முகத்திலும் சொல்லுங்கள். லைன் போனால் என்ன செய்வீர்கள் என்று அநேகமாகக் கேட்பார்கள், அதற்கு ‘இங்கே அப்படிப் போகாது சேர்’ என்று சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை.

லப்டொப் விஷயத்தில் காசை வீணாக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் விண்டோஸ் 11 இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பழைய லப்டொப் வாங்குகிறவர்கள் இன்டெல் புரொசசர் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே தொடவே வேண்டாம், அதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. கடையில் ‘ஐ7 தம்பி, பறக்கும்’ என்பார்கள். 4ஆம் தலைமுறை ஐ7ஐ விட 8ஆம் தலைமுறை ஐ5தான் இந்த வேலைக்கு உதவும். ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி. ஹெட்செட் வயர் உள்ள யூஎஸ்பி, புளூடூத் வேண்டாம்.

சத்தம்தான் நம் வீடுகளின் தனிப் பிரச்சினை. சேவல், கோயில் ஸ்பீக்கர், பள்ளிவாசல் பாங்கு, போதாததற்குச் சூன் பாண் ஆட்டோ அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு சரியாக உங்கள் ஜன்னலுக்கு நேரே நிற்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊர் என்றால் அந்த நாட்களுக்கு லீவையோ நேர மாற்றத்தையோ முதலே கேட்டு வையுங்கள். பூட்டக்கூடிய கதவு, தடித்த திரை, முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர், இது இருந்தால் போதும். கதவு சத்தத்துக்கு மட்டும் இல்லை, வாடிக்கையாளரின் விலாசமும் கார்ட் விவரமும் உங்கள் திரையில் ஓடும் என்பதால் அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது என்று சில கம்பனிகள் எழுதியே வாங்கும், மேசையில் பேனை பேப்பர் வைக்கவும் விடாது.

விண்ணப்பம், நேர்முகம், அப்புறம் ஏமாற்றுக்காரர்கள்

சுயவிபரக் கோவை ஒன்றிரண்டு பக்கம் போதும். தகப்பன் பெயர், சமயம், கலியாணம் முடித்தாச்சா என்பதெல்லாம் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேண்டாம். அந்த இடத்தில் ஆங்கில மட்டம், டைப்பிங் வேகம், லைன், பக்அப் ஏற்பாடு இவற்றைப் போடுங்கள். ஆங்கில மட்டத்துக்கு இஎஃப் செட் என்ற இலவச ஒன்லைன் பரீட்சை இருக்கிறது. அதில் பி2, அதாவது நடுத்தரத்துக்கு மேலான மட்டம், வந்தால் துணிந்து போடலாம். டைப்பிங் நிமிடத்துக்கு 40 சொல்லாவது வேண்டும். மாமாவின் பாமசியில் நின்றதையும், பெரியம்மாவின் புடவைக் கடையில் பெருநாள் நேரம் சனத்தைச் சமாளித்ததையும் அனுபவம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், இந்த வேலைக்கு அதுதான் அனுபவம். ஹப்ஸ்பொட் அகடமியில் வாடிக்கையாளர் சேவைக்கான இலவசப் பாடம் இருக்கிறது, செய்து சான்றிதழை இணைக்கலாம். ஆங்கிலத்தை முறையாகப் படிக்க நினைக்கிறவர்கள் கோவில்குளம், சம்மாந்துறை, அம்பாறையில் உள்ள உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் இப்போது என்ன பாடநெறி எடுக்கிறார்கள் என்று போய் விசாரியுங்கள்.

நேர்முகம் பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது. டைப்பிங், ஆங்கிலப் பரீட்சை ஒன்று, பிறகு குரலைப் பதிந்து அனுப்பச் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் ஆளோடு பேச்சு. அதில் கோபமான வாடிக்கையாளராக அவர்களே நடித்துத் திட்டுவார்கள். அங்கே உச்சரிப்பை வெள்ளைக்காரன் மாதிரி ஆக்கப் போய்க் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மெதுவாக, சொல்லின் கடைசி எழுத்து விழுங்காமல் பேசினால் போதும். சொன்ன பிரச்சினையை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லுங்கள். மன்னிப்பு ஒரு தடவை போதும்.

வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தானாக வந்து விழுகிற ‘வீட்டிலிருந்து கஸ்டமர் சேர்விஸ்’ வேலைகளை நம்பாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லப்டொப்புக்கு வைப்புப் பணம் கேட்டால் அங்கேயே விடுங்கள். முதல் நாள் வீடியோவுக்கு லைக் போட்டதற்கு ஐந்நூறு ரூபா அனுப்பி ஆசை காட்டி, பிறகு காசு போடச் சொல்வது ஒரு வகை. உங்கள் வங்கிக் கணக்கைக் கம்பனி பாவிக்க வேண்டும் என்பது அதை விட மோசம், அது கள்ளப் பணம் கடத்த உங்கள் பெயரை வாடகைக்கு எடுப்பது, பொலிஸ் உங்களைத்தான் தேடி வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியாகப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். வீட்டிலிருந்து வேலை என்று தொடங்கி, பயிற்சிக்கு வெளிநாடு போக விமான டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

பயிற்சிக் காலம்

சரி, எடுத்துவிட்டார்கள். இனித்தான் வேலை. பயிற்சி சில கிழமை போகும், சூம் அல்லது டீம்ஸில், கமரா போட்டபடி. முதலில் பொருளைப் பற்றிப் பாடம், பிறகு டிக்கெட் சிஸ்டம், பிறகு பொய்க் கோல்கள், கடைசியில் நெஸ்டிங் என்கிற கட்டம்: உண்மையான வாடிக்கையாளர், ஆனால் பின்னால் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கழன்று போகிறவர்கள் அதிகம் கழல்வது இங்கேதான். காரணம் ஆங்கிலம் என்று சொல்வார்கள், நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே டைப் பண்ணுவது, டைப் பண்ணிக்கொண்டே தேடுவது, தேடிக்கொண்டே பேசுவது, இந்த மூன்றும் சேர்ந்து வராததுதான் காரணம். இதை வீட்டிலேயே பழகலாம். மச்சானையோ தங்கச்சியையோ அடுத்த அறையில் இருந்து கோல் எடுத்து, வராத பார்சல், கூடிய கரண்ட் பில் என்று எதையாவது ஆங்கிலத்தில் முறையிடச் சொல்லுங்கள், நீங்கள் பேசிக்கொண்டே பெயர், திகதி, பிரச்சினை மூன்றையும் டைப் பண்ணுங்கள். பயிற்சி தொடங்க முன்னம் தினமும் இப்படிச் செய்த ஆளுக்கும் செய்யாத ஆளுக்கும் நெஸ்டிங்கில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஃப்ரெஷ்டெஸ்க், சென்டெஸ்க் என்ற டிக்கெட் சிஸ்டம் இரண்டும் இலவசமாகச் சில நாள் பாவித்துப் பார்க்க விடும்; டிக்கெட் திறப்பது, இன்னொருவருக்கு மாற்றுவது, மூடுவது எப்படி என்று முதலே கிண்டிப் பார்த்துவிடுங்கள்.

காதைப் பழக்குங்கள். ஸ்கொட்லாந்துக்காரர், அவுஸ்திரேலியர், அமெரிக்கர் பேசும் வீடியோக்களைக் கீழே எழுத்து ஓடாமல் போட்டு, கேட்டதை மூன்று வரியில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டி வாங்கும்போது பிராவோவில் வரும் பி (B) எழுத்தா, பாப்பாவில் வரும் பி (P) எழுத்தா என்று கேட்கப் பழகுங்கள்; ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை முழுதாக மனப்பாடம் பண்ணுங்கள், ஈமெயில் விலாசம் ஒன்றைப் பிழையாக எடுத்தால் முழுக் கோலும் வீண். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட ஓம் ஓம் போடுவது மாதிரி ஆங்கிலத்தில் யெஸ் யெஸ் போடாதீர்கள், ‘அப்போ காசு திரும்பி வரும்தானே’ என்று கேட்கும்போது நீங்கள் யெஸ் சொன்னால் அது வாக்குறுதி, கோல் பதிவாகிறது. தேடுகிற நேரம் ஊமையாக இருக்கவும் கூடாது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருங்கள், ஹோல்ட் போட முன்னம் கேளுங்கள். தமிழ்க் கோலில் வீட்டுப் பேச்சின் ‘கா’வும் ‘மனே’யும் வேண்டாம், ஆனால் செய்தி வாசிக்கிற தமிழும் வேண்டாம், யாழ்ப்பாணத்தவருக்கும் ஹட்டன்காரருக்கும் புளியந்தீவுக்காரருக்கும் ஒரே மாதிரி விளங்க வேண்டும்.

சுலபமான கேள்விகளை இப்போது போட், அதாவது தானாகப் பதில் சொல்லும் மென்பொருள், பார்த்துக்கொள்கிறது, மனிதனிடம் வருவது சிக்கலும் கோபமும்தான். அதனால் தொடக்கத்தில் கோல் நேரம் கூடுகிறது என்று மேற்பார்வையாளர் சொன்னால் பதறி அவசரப்படாதீர்கள், முதலில் பிழையில்லாமல் முடியுங்கள், வேகம் பிறகு வரும். தெரியாததைப் பயிற்சி சாட்டில் அன்றைக்கே கேளுங்கள், நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்துக் கேட்காமல் இருப்பார்கள், அந்தப் பக்கம் அதை விளங்கவில்லை என்றுதான் எடுப்பார்கள். பயிற்சியில் ஒரு நாள் கூடத் தவற விடாதீர்கள், கலியாண வீடு என்றாலும்.

கையெழுத்துப் போட முன்னம் பார்க்க வேண்டியது: பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, இடையில் விட்டால் காசு கட்டச் சொல்கிறார்களா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம். 2026 ஜனவரியில் இருந்து இலங்கையில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, முழுநேர வேலையை அதற்குக் கீழே பேசினால் எழுந்து வாருங்கள். உள்ளூர்க் கம்பனி உங்களை ஊழியராக எடுத்தால் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பக்கம் 12 வீதம், அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈடிஎஃப்) 3 வீதம் அவர்கள் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பனி ஒப்பந்தக்காரராக எடுத்தால் இது ஒன்றும் கிடையாது, வரியையும் நீங்களே பார்க்க வேண்டும், அதைக் கணக்குப் போட்டுத்தான் டொலர் சம்பளத்தைப் பெரிது சிறிது என்று சொல்லலாம். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், காசைக் கழித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் கிட்டடியில் உள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம்.