கதவுத் துளையில் விழும் கடிதங்கள்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த கொங்கு மக்களுக்கு

பொள்ளாச்சியிலும் கோபியிலும் தபால்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். இங்கே நிஜக் கடிதமும் போலியும் கதவுத் துளை வழியாக ஒன்றாக விழுந்து கிடக்கும். போலியை நம்பிப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. நிஜத்தைப் போலி என்று குப்பையில் போடுகிறவர்களும் உண்டு. இரண்டாவதிலும் நஷ்டம் சின்னதல்ல.

கவுன்சில் வரிக் (வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) கடிதத்தைத் தூக்கிப் போடாதீங்க. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரி கிடையாது. ஆனால் விலக்கு கேட்டுச் சான்று கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் நினைவூட்டல் வரும், பிறகு கோர்ட் சம்மன் வரும். வாக்காளர் பதிவுக் கடிதமும் உங்களுக்குத்தான். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், இங்கே முறைப்படி வசிக்கும் இந்தியர்களுக்கு வாக்குரிமை உண்டு. அந்தப் பதிவு கடன் தகுதி சரிபார்க்கப்படும்போதும் கைகொடுக்கும்.

போலிகளில் நம்மவர்கள் அதிகம் சிக்கக்கூடியது பார்சல் குறுஞ்செய்தி. ஊரிலிருந்து அம்மா கொள்ளும் பருப்புப்பொடியும் அனுப்பியிருப்பார். அந்த நேரம் பார்த்து 'டெலிவரிக்கு ஒன்றரை பவுண்டு பாக்கி' என்று ஒரு லிங்க் வரும். குறி அந்தக் காசு மேல் இல்லை, உங்கள் கார்டு எண் மேல். சில நாள் கழித்து அதே ஆட்கள் 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று, அந்த விவரத்தையே சொல்லி நம்பவைப்பார்கள். நிஜமான சுங்கக் கட்டணமும் உண்டு: அன்பளிப்பின் மதிப்பு 39 பவுண்டைத் தாண்டினால் வரி விழும். இங்கத்திய தபால் நிறுவனமான ராயல் மெயில் அதற்கு ஒரு அட்டை போட்டுவிட்டுப் போகும். அதன் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அட்டையில் உள்ள எண்ணைக் கொடுத்துக் கட்டுங்க. போலிச் செய்தியைக் கைப்பேசி நிறுவனங்களின் புகார் எண்ணான 7726-க்கு அனுப்பிவிட்டு அழியுங்க, காசு ஆகாது.

வரித்துறை, விசா, வங்கி என்று எந்தப் பெயரில் வந்தாலும் தாளையும் முத்திரையையும் பார்த்து முடிவெடுக்காதீங்க, அதையெல்லாம் அச்சடித்துவிடலாம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், துறையின் எண்ணை அரசு இணையதளத்திலும், வங்கியின் எண்ணை அதன் இணையதளத்திலும் நீங்களே தேடி எடுத்துக் கேளுங்க. 'இன்றைக்கே கட்டு, இல்லையென்றால் கைது', 'கிஃப்ட் கார்டில் கட்டு' என்றால் விசாரிக்கவே வேண்டாம், போலிதான். பாக்கி என்று கேட்டாலே தூக்கம் கெடுகிற வளர்ப்பு நம்முடையது; அந்தப் பயத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

கார்டு விவரம் கொடுத்துவிட்டால் உடனே 159-ஐ அழையுங்க. பெரும்பாலான வங்கிகளுக்கு இணைப்பு கிடைக்கும். ஏமாந்து பிரிட்டனுக்குள்ளேயே உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தால், 2024 அக்டோபர் 7 முதல் உள்ள விதிப்படி 85,000 பவுண்டு வரை வங்கியிடம் திரும்பக் கேட்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பியதற்கு அது பொருந்தாது. வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாதீங்க.

பொடி சிந்தும் பார்சல் வந்தால் அனுப்பியவர் பெயரையும் சுங்கச் சீட்டையும் பாருங்க. ஊரில் அனுப்புகிறவர்களிடம் வெறும் 'பொடி' என்று எழுதாமல் ஒவ்வொன்றின் பெயர், எடை, விலை எழுதச் சொல்லுங்க. யார் அனுப்பியது என்றே தெரியாமல் பொடியோ நீரோ கசிந்தால் குலுக்காதீங்க, முகராதீங்க, துடைக்காதீங்க. அப்படியே வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்துங்க. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்க.

முன்பு குடியிருந்தவர் பெயருக்கு வரும் கடிதத்தைப் பிரிக்க வேண்டாம். 'இந்த முகவரியில் இல்லை, திருப்பி அனுப்பவும்' என்று உறையில் ஆங்கிலத்தில் எழுதித் தபால் பெட்டியில் போடுங்க, ஸ்டாம்பு தேவையில்லை.