தனியார் நினைவு நாணயமும் டோக்கனும்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தனியார் நாணயசாலை அச்சடிக்கும் நினைவு 'நாணயம்' கண்டிப்பாகப் பார்த்தால் நாணயமே அல்ல, பதக்கம். அதை நீட்டி எதுவும் வாங்க முடியாது. டோக்கன் வேறு ரகம். ஒரு கம்பெனியோ கடையோ பேருந்து நிர்வாகமோ வெளியிட்டு, அந்த வட்டத்துக்குள் பணம் போலக் கைமாறியது.

படி 1: ஒரு வழியைப் பிடியுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் டப்பாதான் நிறையும். போக்குவரத்து டோக்கன், சுரங்க டோக்கன், ஒரே நாணயசாலையின் பதக்கங்கள் என்று ஏதாவது ஒன்று போதும். என் ஓட்டு டோக்கனுக்கு. பல கை மாறித் தேய்ந்த பொருளின் களை, பெட்டியிலேயே கிடந்ததற்கு வராது.

படி 2: லென்ஸ் வைத்துப் படியுங்கள்

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள், விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். 1787-இல் பிரிட்டனில் சில்லறைத் தட்டுப்பாடு. வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த பாரிஸ் (Parys; பிரான்ஸின் பாரிஸ் அல்ல) செம்புச் சுரங்கக் கம்பெனி, தன் செம்பிலேயே பென்னி டோக்கன் அடித்தது. ஒரு பக்கம் தாடி வைத்த ட்ரூயிட் பூசாரியின் தலை, மறுபக்கம் ஒரு பென்னி தருவதாக வாக்குறுதி. அந்தப் பென்னியை எங்கே போய்க் கேட்பது என்பது மட்டும் விளிம்பில் இருக்கும்: லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கில்சி.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்கள் சிலவற்றில் 'ஒன் சென்ட்' என்று பெரிதாக இருக்கும். அதற்கு மேலே, பொடி எழுத்தில் 'நாட்', அதாவது 'அல்ல'! கள்ள நாணயம் என்று யாரும் பிடித்துவிடக் கூடாதே.

புதிய பதக்கமென்றால் தேட வேண்டியது தரக்குறி. 999 என்றால் சுத்த வெள்ளி, 925 என்றால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. 'தங்க முலாம்', 'தங்கப் பூச்சு' என்றிருந்தால் உள்ளே வேறு உலோகம்.

படி 3: தண்ணீரில் தொங்கவிடுங்கள்

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஒரு ட்ராய் அவுன்ஸ் வெள்ளி 31.1 கிராம் இருக்க வேண்டும். அப்புறம் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். அந்த 31.1 கிராமும் சுத்த வெள்ளியென்றால் தராசு 2.97 கிராம் அளவில் நிற்கும். செம்புக்கு மேல் முலாம் பூசியதென்றால் 3.5-ஐ நெருங்கும். கண்ணாடி போல் மின்னும் ப்ரூஃப் பதக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர்க் கறை தங்கிவிடும்.

படி 4: பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்

நான் முதலில் வாங்கியது வெல்வெட் பெட்டியும் வரிசை எண் போட்ட சான்றிதழும்தான் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருந்தது முலாம் பூசிய பித்தளை. 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்றால் எத்தனை என்று கேளுங்கள். ஐம்பதாயிரமும் ஒரு வரையறைதான். 1964-இல் தொடங்கிய அமெரிக்கத் தனியார் நாணயசாலை ஃபிராங்க்ளின் மின்ட் வெளியிட்ட வெள்ளிப் பதக்கங்களில் பல, இன்று வெள்ளி விலையை ஒட்டியே போகின்றன. ஆகவே முதலில் உலோக விலையைக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கேட்கும் தொகைக்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: தேய்க்காதீர்கள்

பாலிஷ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். பழைய செம்பின் பழுப்பைப் போக்கினால் மதிப்பும் கூடவே போகும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்; நாணயத்துக்கென்றே வரும் கெட்டியான கேப்சூல் டப்பா நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டையில் எடை, விட்டம், வாங்கிய தேதி, கொடுத்த விலை எழுதி வையுங்கள். ஏமாந்து வாங்கியதற்கும் சேர்த்துத்தான்.