ஆங்கிலச் சொல்வளம்: எந்தச் சொல்லை, எப்படிக் கற்பது?

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புவோர் பெரும்பாலும் அரிய சொற்களின் பட்டியலைத் தேடிச் செல்கின்றனர். நாளுக்கொரு கடினச் சொல் என்னும் அந்தப் பழக்கத்தால் விளையும் பயன் மிகக் குறைவு என்றே கருதுகிறேன். அவ்வாறு மனப்பாடம் செய்த சொல் அடுத்த பல மாதங்களுக்குக் கண்ணில் படுவதே இல்லை. அடிக்கடி வரும் சொற்களிலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி. மைக்கேல் வெஸ்ட் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் (அகராதியில் தனித் தலைப்பாக வரும் அடிப்படைச் சொற்கள்) இருந்தன; பொதுவான ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு அவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. உயர்கல்வி நூல்களைப் படிக்க வேண்டியவர்களுக்கு, அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் பட்டியலின் 570 சொற்குடும்பங்கள் (ஒரே சொல்லிலிருந்து கிளைத்த வடிவங்களின் தொகுதிகள்) அதற்கு அடுத்த படியாக அமையும்.

பட்டியல் திசையைக் காட்டும். சொல்லைப் பழக்கித் தருவது வாசிப்பே. ஒரு பகுதியைப் பிறர் துணையின்றிப் புரிந்துகொள்வதற்கு அதிலுள்ள நூறு சொற்களில் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் அளவுகோல். எனவே, 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் ஆறுக்கு மேல் மிகுதியாகத் தென்பட்டால், அந்த நூலைச் சில காலம் ஒதுக்கிவைத்துவிட்டு எளிதான வேறொன்றை எடுத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதியைப் புரட்ட வேண்டாம். சொல்லின் கீழ்க் கோடிட்டு, முன்பின் வரிகளைக் கொண்டு பொருளை ஊகித்துவிட்டு மேலே செல்லுங்கள். அதே சொல் மீண்டும் எதிர்ப்பட்டால் அது கற்கத் தகுந்த சொல் என்று பொருள்.

அகராதியைப் பொறுத்தவரை, ஆங்கிலம்–தமிழ் அகராதி உடனடித் தெளிவுக்கு உதவும்; ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மொழி கற்போருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆங்கில அகராதிகள் உள்ளன. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களைத் தருகிறது. 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி பொருளை முழு வாக்கியமாகவே எழுதிக் காட்டுகிறது.

தமிழ் வழியாகச் சிந்திப்பவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம், சொல்லின் பொருளைவிட அதன் சேர்க்கையே. நாம் மழையையும் ‘பலத்த மழை’ என்கிறோம், காற்றையும் ‘பலத்த காற்று’ என்கிறோம். ஆங்கிலத்திலோ மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பதால்தான் ‘டிஸ்கஸ்’ என்ற வினையோடு ‘அபௌட்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுகிறோம்; அந்த வினைக்கு அது தேவையே இல்லை. ஆகவே குறிப்பேட்டில் தனிச் சொல்லை எழுதாமல், அது இடம்பெற்ற வாக்கியத்தையும், அதனோடு இயல்பாகச் சேரும் ஓரிரு சொற்களையும், அதனோடு வரும் ‘அபௌட்’ போன்ற முன்னிடைச் சொல் இருந்தால் அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘டிசைட்’ என்று எழுதும்போதே ‘டிசிஷன்’, ‘டிசைசிவ்’ என்று அதன் குடும்பத்தையும் ஒரே வரியில் குறித்துக்கொண்டால் உழைப்பு மிச்சமாகும்.

இலத்தீன் வேர்களை அறிவதும் துணைசெய்யும். பார்த்தலைக் குறிக்கும் ‘ஸ்பெக்ட்’ என்ற வேரை அறிந்தவருக்கு ‘இன்ஸ்பெக்ட்’, ‘ஸ்பெக்டேட்டர்’, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ ஆகியவை ஒரே கொத்தாக நினைவில் நிற்கும். எனினும் வேரையும் முன்னொட்டையும் மட்டும் நம்பிப் பொருள் முடிவுசெய்வது ஆபத்தானது: ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறையாக வரும் ‘இன்விசிபிள்’ என்றால் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் அதே முன்னொட்டு எதிர்மறையாக வராத ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. சரக்குப் பெட்டியின் மீது எழுதப்பட்டிருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

கற்றது மறக்கும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வு, மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்வதைக் காட்டியது. எனவே திருப்புதல் முதலில் நெருக்கமாகவும், போகப்போக இடைவெளி விட்டும் அமைய வேண்டும். இதற்கு செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை எளிமையானது. சரியாக விடை சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியை நாள்தோறும், பிந்திய பெட்டிகளை நாள்கள் இடைவெளிவிட்டும் திருப்ப வேண்டும். ‘அங்கி’ போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. அட்டையின் முன்புறம் சொல்லை நீக்கிய வாக்கியத்தையும் பின்புறம் அந்தச் சொல்லையும் எழுதினால், பார்த்துப் படிக்காமல் நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி கிடைக்கும். நாளுக்குப் பத்துப் புதிய அட்டைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். திருப்ப வேண்டியவை குவிந்து, பெட்டியையே மூடிவைக்க நேரும்.

படித்தால் புரியும் சொற்கள் எப்போதும் மிகுதியாகவும், பேச்சிலும் எழுத்திலும் தாமாக வரும் சொற்கள் குறைவாகவுமே இருக்கும். அந்த இடைவெளியைக் குறைக்க, படித்த பகுதியை மூடிவைத்துவிட்டு அதன் சாரத்தை ஐந்தாறு வாக்கியங்களில் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்காமல் ஒலி அகராதியில் கேட்டுக்கொள்வதும் அவசியம். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் எழுதப்படும் ‘பி’ ஒலிப்பதே இல்லை. சில மாதங்கள் கழித்து, வாசிப்பில் ஒருமுறைகூட எதிர்ப்படாத சொற்களின் அட்டைகளைத் தயங்காமல் நீக்கிவிட்டு, அவ்விடத்தில் கோடிட்டு வைத்த புதிய சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.