பிளாக் ஹீட்டர்: வயர் தொங்கினால் மட்டும் போதாது

கனடாவில் வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் வந்திறங்குபவர்கள் லைசென்ஸ், இன்சூரன்ஸ், விண்டர் டயர் எல்லாவற்றையும் யாரையாவது கேட்டு முடித்துவிடுகிறார்கள். பழைய கார் வாங்கும்போது முன் கிரில்லில் ஒரு பிளக் தொங்குவதைப் பார்த்து, 'பிளாக் ஹீட்டர் (கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக எஞ்சினை முன்கூட்டியே கரண்டில் சூடாக்கும் கருவி) இருக்கிறது' என்று நிம்மதியாகிவிடுவதில்தான் வில்லங்கம். வயர் இருக்கும்; உள்ளே எலிமென்ட், அதாவது சூடாகும் கம்பி, எப்போதோ போயிருக்கும். விற்கிறவர் சொல்லமாட்டார், பல நேரம் அவருக்கே தெரியாது. மைனஸ் 30 காலையில்தான் குட்டு உடையும்.

அக்டோபரிலேயே பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து, பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களையும் தொடுங்கள். இங்கே கரண்ட் 120 வோல்ட். 400 வாட் ஹீட்டருக்குச் சுமார் 36 ஓம், 600 வாட்டுக்கு 24 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் எலிமென்ட் போயிருக்கும், அல்லது வயர் உள்ளே அறுந்திருக்கும். வயரைத் தனியாகக் கழற்ற முடிகிற காரில் முதலில் வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. சில வயர்களில் குளிர் கடுமையானால் மட்டும் கரண்ட் விடும் தெர்மோஸ்டாட் இருக்கும். கடுங்குளிர் இல்லாத நாளில் அவையும் இப்படித்தான் காட்டும், ஹீட்டரின் முனையிலேயே அளக்க வேண்டும். தட்டைக் காலுக்கும் உருண்டையான எர்த் காலுக்கும் இடையே ரீடிங் வந்தால் அதைச் செருகவே செருகாதீர்கள்.

பெரும்பாலான கார்களில் எலிமென்ட் கூலன்டில் (எஞ்சினுக்குள் சுற்றும், எளிதில் உறையாத திரவத்தில்) மூழ்கியிருக்க வேண்டிய பொருள். கூலன்ட் குறைந்தாலோ, மாற்றியபின் உள்ளே காற்று தங்கினாலோ, செருகிய கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். நம்மூர்ப் பழக்கத்தில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் வேலையே வேண்டாம். உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும்.

மைனஸ் 15க்குக் கீழே போனால் செருகுங்கள். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு போதும். இரவு முழுக்க ஓடவிட்டால் 400 வாட்டுக்கே ஐந்து யூனிட் அளவு ஓடும், அதனால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகப் போவதில்லை. வெளியில் வைக்கிற டைமர் வாங்கலாம். ஆனால் சில அபார்ட்மென்ட் பார்க்கிங் பிளக்குகளில் கரண்ட் விட்டுவிட்டுத்தான் வரும். முள் சுற்றும் டைமர் அங்கே ஒவ்வொரு முறையும் நின்று பின்தங்கிவிடும், ஏழு மணி என்று வைத்தது பத்துக்குத்தான் ஆன் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் டைமர் இல்லாமல் நேரடியாகச் செருகுவதே சரி.

எக்ஸ்டென்ஷன் வயர் மூன்று கால் உள்ளதாக, 14 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாக, வெளிப்பயன்பாட்டுக்கானதாக இருக்கட்டும். வீட்டுக்குள் டிவிக்கு வைத்த வெள்ளை வயர் இந்தக் குளிரில் விறைத்து விரிசல் விடும். செருகியபின் வயரை ஒரு சுற்று டிரைவர் பக்கக் கண்ணாடியில் போட்டு வையுங்கள், பிடுங்க மறந்து வண்டியை எடுக்கமாட்டீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து செல்ஃப் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் போட்டால், கோளாறு பெரும்பாலும் பேட்டரியில். பிளாக் ஹீட்டர் அதைச் சூடாக்காது; பேட்டரிக்குத் தனியாகச் சுற்றும் ஹீட்டர் போர்வை கிடைக்கிறது.